நோட்டில் இரண்டாவது நம்பர்

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கண் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"அக்கா, பீரோவை ஒழிக்கிறோம். உங்க கையெழுத்துல ஒரு நீல அட்டை நோட்டு இருக்குது. வரிக்கு வரி ஒரு தேதி, பக்கத்துல ரெண்டு நம்பர். ரெண்டும் ஒரே நம்பர்தான். எதுக்குக்கா ஒண்ணையே ரெண்டு வாட்டி எழுதி வெச்சீங்க? நடுவுல மூணு பக்கம் செவப்பு மையால குறுக்கக் கோடு வேற. தூக்கிப் போட்டுடட்டுமா?"

"போட்டுப் பாரு, பஸ் ஏறி வந்து உன்னைத் தூக்கிப் போடுறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது மெஷின் வந்துவிட்டதாம். படங்களுக்கு நகல் எடுப்பதை எல்லாம் அதுவே செய்துகொள்கிறதாம். முடிந்ததும் திரையில் பச்சையாக ஒரு டிக் வருகிறதாம். அப்புறம் நோட்டு எதற்கு என்று கேட்டாள். போனில் சொல்கிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இதில் நான் செய்த ஒரு தப்பும் வரும். அதை மறைத்துவிட்டு எழுதினால் எழுதுவதே தண்டம்.

என் பெயர் பிலோமினா. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அம்மா உப்பு சுமந்தவள். பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு மேலேயே நடந்து, ரோட்டோரத்து அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவாள். தலை தாங்குகிற அளவுதான் கூடையில் போடுவார்கள். மிச்சம் அடுத்த நடைக்கு. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

பிளஸ் டூ முடித்தேன். டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தேன். பெரிய முதலியார்சாவடி தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டில் இருந்த கண் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமில் சேர்ந்து, பல வருஷம் அட்டை ஃபைல்களோடு தும்மினேன். கம்ப்யூட்டர் வந்தபோது வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று என்னை அந்த அறைக்கு மாற்றிவிட்டார்கள். பாண்டிச்சேரியில் இரண்டு மாதம் கோர்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே வந்து பார்த்தால் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு மவுஸே கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கும். அதன் எதிரில் கட்டளையை டைப் அடித்து எண்டர் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அறைக்கு இன்சார்ஜ் குணசேகரன் சார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் டைப் அடிக்கும்போது நாற்காலிக்குப் பின்னால் கைகளை முதுகில் கட்டிக்கொண்டு நிற்பார். நான் தப்பாக அடித்தாலும் கீபோர்டைத் தொடமாட்டார். அவர் அடித்தால் அரை நிமிஷ வேலை. செய்யமாட்டார், நிற்பார். எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். எதிராளி திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொள்ளலாம். இவர் குரலே உயராது. எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்.

"எல்லாம் காப்பி ஆயிடுச்சு சார்."

"பாத்தீங்களாக்கா, நெனச்சீங்களா?"

நினைத்திருப்பேன். எழுந்து போய்ப் பார்ப்பேன். பாதி நாள் சரியாகவே இருக்கும், மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே திரும்புவேன். மீதி நாள் ஏதாவது ஒரு ஃபோல்டர் விட்டுப்போயிருக்கும், உட்கார்ந்து திரும்ப ஏற்றுவேன்.

எங்கள் வேலை இதுதான். ஆஸ்பத்திரி வேன் வாரத்தில் இரண்டு நாள் கடலோர ஊர்களுக்கு முகாம் போகும். கீழ்புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரை. உப்பளத்து ஆட்களுக்கு நாள் முழுக்க வெள்ளைக் கூச்சம் கண்ணில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே நெற்றித்தோல் மடிந்து போயிருக்கும். வேனில் கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கிற காமிரா ஒன்று உண்டு. டாக்டருக்குச் சந்தேகம் வருகிறவர்களுக்கு மட்டும் படம் எடுப்பார்கள். அதை எங்கள் சர்வரில் ஆளுக்கு ஒரு ஃபோல்டராக ஏற்றிவிட்டு காமிராவைத் துடைத்துவிடுவார்கள். அடுத்த முகாமுக்கு இடம் வேண்டுமே.

படம் கலங்கலாக வந்தால் திரும்ப எடுப்பார்கள். கலங்கிய படம் இருக்கிற ஃபோல்டருக்கு 'லட்சுமி ஓல்டு' என்று பெயர் போட்டு ஒதுக்குவார்கள், நல்லது 'லட்சுமி' ஃபோல்டரில் இருக்கும். இப்படி ஓல்டுகள் சேர்ந்து குப்பையாகிவிட்டன. அவற்றை அழிக்கிற வேலை எனக்கு வந்தது. அன்றைக்குத்தான் குணா சார் எனக்கு எக்ஸ்ஆர்க்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

ஃபைண்ட் என்று ஒரு கட்டளை. தேடிப் பெயர்ப் பட்டியல் கொடுக்கும். அழிக்கிற கட்டளை இருக்கிறதே, அது அந்தப் பட்டியலை வாசலில் கொண்டுபோய் வைத்தால் எட்டிக்கூடப் பார்க்காது. இதை அழி, அதை அழி என்று கட்டளையின் கூடவே, பின்னால் வரிசையாகப் பெயர்களைச் சொல்ல வேண்டும். அப்படிக் கூடவே சொல்கிற பெயர்களை ஆர்க்யுமென்ட் என்பார்கள். எக்ஸ்ஆர்க்ஸ் நடுவில் நின்றுகொண்டு, பட்டியலில் வருகிற பெயர்களை எடுத்து அடுத்த கட்டளையின் பின்னால் அடுக்கிக் கொடுக்கும். நூறு பெயரை உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எண்டர் தட்டக் கையை ஓங்கிவிட்டேன்.

"தட்டாதீங்கக்கா" என்றார் பின்னாலிருந்து. "அழிக்கிற கமாண்டுக்கு முன்னாடி எக்கோன்னு ஒரு வார்த்தை போடுங்க. அப்ப அது எதையும் செய்யாது. என்ன செய்யப்போவுதுன்னு மட்டும் சொல்லும். மொதல்ல சொல்ல வைங்க, அப்புறம் செய்ய வைங்க."

போட்டேன். ஒரு நீள வரி வந்தது.

"சரியாத்தான சார் இருக்குது?"

"ஒவ்வொரு பேரா தனித்தனி வரியில சொல்லச் சொல்லுங்க."

அதற்கும் ஒரு வழி இருந்தது. அடித்தேன். முதல் வரியில் 'அழி லட்சுமி' என்று வந்தது. இரண்டாவது வரியில் 'அழி ஓல்டு'. அப்புறம் 'அழி கஸ்தூரி', 'அழி ஓல்டு'. எண்டர் பக்கத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ஆர்க்ஸ் இடைவெளி கண்ட இடத்தில் எல்லாம் பெயரை வெட்டிவிடும். லட்சுமி ஓல்டு என்ற ஒரு பெயர் அதற்கு இரண்டு பெயர். ஓல்டு என்று தனியாக ஒன்றும் கிடையாது, அதனால் அதை விட்டுவிடும். லட்சுமி இருக்கிறாள். நல்ல படம் இருக்கிற லட்சுமி. நான் எண்டர் தட்டியிருந்தால் அத்தனை நல்ல படமும் போய், கலங்கலெல்லாம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.

அன்றிலிருந்து பெயருக்கு நடுவில் இடைவெளி விடக்கூடாது, அடிக்கோடு போட வேண்டும் என்று வேன் ஆட்களுக்குச் சட்டம் போட்டோம். குணா சார் மேல் எனக்கு இருந்த எரிச்சலும் அன்றோடு பாதி போனது.

இனி வெள்ளிக்கிழமை வேலை. வாரா வாரம் படங்களையெல்லாம் டேப்பில் நகல் எடுக்க வேண்டும். பாட்டு கேசட் மாதிரியே இருக்கும், கொஞ்சம் குட்டி. நாலு டேப் சுற்றில் இருக்கும். ஐந்தாவது வாரம் முதல் டேப்பையே அழித்து எழுதுவோம். குணா சார் வைத்த முறை இது. முதலில் ஃபைண்ட் போட்டு எல்லாப் படங்களின் பெயரையும் ஒரு பட்டியலாக எழுதி வைக்க வேண்டும். பட்டியலில் எத்தனை பெயர் என்று எண்ணி நோட்டில் முதல் கட்டத்தில் குறிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ஆர்க்ஸ் அந்தப் பட்டியலை டார் என்ற கட்டளையிடம் கொடுக்கும். டார் எல்லாப் படங்களையும் மூட்டையாகக் கட்டி டேப்பில் ஏற்றும். அத்தோடு முடியாது. டேப்பை முதலிலிருந்து ஓடவிட்டு, உள்ளே எத்தனை படம் இருக்கிறது என்று திரும்பவும் எண்ண வேண்டும். அது இரண்டாவது கட்டம். இரண்டு நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் டேப்பைப் பெட்டியில் வைத்து மூடலாம். இரண்டாவது எண்ணிக்கைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. ஆயுத பூஜைக்கு அறையில் படையல் போடுவோம். அறையைப் பெருக்கித் துடைக்கிற சரோஜா சர்வருக்குப் பொட்டு வைப்பாள். யு.பி.எஸ்.ஸுக்கு வைப்பாள், என் நெற்றியிலும் ஒரு தடவை வைத்துவிட்டு "எங்க கோவிலுக்குப் போறவங்க இல்லல்ல நீங்க, மறந்துட்டேன்க்கா" என்று அழித்தாள். முதல் வருஷம் அந்த வாரத்து டேப்பும் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அடுத்த மாதம் அதை அழித்து எழுத எடுத்தபோது சரோஜா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி முன்னாடி வெச்சத அழிக்கக் கூடாதுக்கா. குடும்பத்துக்கு ஆவாது."

நான் கத்தினேன். குணா சார் கொஞ்சம் யோசித்தார். "விடுங்கக்கா. அவங்க சொல்றதும் நல்லதுதான். வருஷத்துக்கு ஒரு டேப் அழியாம இருக்கட்டுமே" என்று சொல்லி, பூஜை டேப்பை மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார். அதுவும் முறையாகிப்போனது.

பிறகு குணா சார் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போனார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. நானே எல்லாம். போகும்போது நோட்டை என் கையில் கொடுத்து, "ரெண்டாவது நம்பரை மட்டும் விட்டுடாதீங்கக்கா" என்றார். தலையாட்டினேன்.

நாலைந்து மாதம் ஒழுங்காகச் செய்தேன். மரக்காணத்துக்கு அஞ்சு இருபதுக்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது ஒண்ணேகால் மணி நேரம் கழித்து, அதுவும் படியில் தொங்கிக்கொண்டு வரும். இரண்டாவது எண்ணிக்கைக்கு உட்கார்ந்தால் அஞ்சு இருபது போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை பட்டியலை எண்ணினேன், எழுதினேன், டேப்பில் ஏற்றினேன், மணியைப் பார்த்தேன். டேப்பை எத்தனை வருஷமாக எண்ணுகிறோம், ஒரு நாளாவது வித்தியாசம் வந்திருக்கிறதா? முதல் நம்பரைப் பார்த்தே இரண்டாவது நம்பரையும் எழுதிவிட்டுக் கிளம்பினேன். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளி அதை யோசிக்கவே இல்லை. அம்மா அப்போது படுக்கையில் இருந்தாள், அவளைச் சாக்குச் சொல்லலாம். ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ள அண்ணி இருந்தாள். எனக்கு பஸ்ஸில் உட்கார இடம் வேண்டும், அதுதான் நிஜம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலையில் படங்கள் இருந்த டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டது. பத்து மணிக்குச் செத்துவிட்டது. நான் பதறவில்லை. டேப் இருக்கிறதே. புது டிஸ்க் போட்டு, வெள்ளிக்கிழமை டேப்பைச் செருகி, படங்களைத் திரும்ப இறக்கச் சொன்னேன். நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பரவாயில்லையே, சீக்கிரம் முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். நோட்டில் 3,418 படம். டிஸ்கில் 218. மற்ற மூன்று டேப்பையும் போட்டேன். அதிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று சமாளித்தேன். புதன்கிழமை வாசுகி டாக்டரம்மா ஒரு பெயரை எழுதி அனுப்பினார்: அஞ்சலை, மரக்காணம், மூன்று வருஷத்துக்கு முந்தைய முகாம், இடது கண் படம் உடனே வேண்டும். தேடினேன். இல்லை. நேரில் போனேன்.

டாக்டரம்மா முன்னால் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் முள் குத்தி வலது கண் போய்விட்டது. பார்வை இருப்பது இடது கண்ணில் மட்டும். அந்தக் கண்ணின் உள்ளேதான் ஒரு கறுப்புப் புள்ளி.

"அப்பவே இருந்துது இந்தப் புள்ளி" என்றார் டாக்டரம்மா. "கார்டுல 'படம் எடுத்தாச்சு'ன்னு மட்டும்தான் இருக்குது, அளவு எழுதலை. பழைய படத்தோட வெச்சுப் பாக்கணும். வளரலைன்னா அது மச்சம் மாதிரி, விட்டுடலாம். வளந்திருந்தா சென்னைக்கு அனுப்பி வைத்தியம் பண்ணணும். உசுரு தப்பிக்கும், பார்வை தப்பிக்கிறது கஷ்டம்."

"படம் இல்லன்னா மேடம்?"

"இல்லன்னா வளந்திருக்குன்னு வெச்சிக்கிட்டுத்தான் அனுப்பணும். காத்திருந்து பாக்க எனக்கு தைரியம் இல்ல."

வெளியே வந்தேன். அஞ்சலை பின்னாலேயே வந்து என் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நீ உப்பு சுமந்த மேரியம்மா பொண்ணுதான? உங்கம்மாவும் நானும் ஒரே அளத்துல வேலை செஞ்சோம். எம்மா, எனக்கு இருக்கிறதே ஒத்தக் கண்ணு. வரப்பு மேல நடக்கிறவ நான். எம்படம் உங்கிட்டதான் இருக்குதாமே. கொஞ்சம் பாத்து எடுத்துக் குடும்மா."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னதான் நடந்தது என்று தெரிந்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன். படம் போன டிஸ்க் வேறு, பட்டியல் இருந்த டிஸ்க் வேறு. பட்டியல் இருந்தது, 3,418 பெயரும் அதில் இருந்தன. குணா சார் எழுதிய அதே வரியை அடித்து, டாருக்கு முன்னால் எக்கோ போட்டேன். மொதல்ல சொல்ல வைங்க. எத்தனை கட்டளை சொல்கிறது என்று எண்ணினேன். ஒன்று வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தது.

ஒரு கட்டளையின் பின்னால் இத்தனை எழுத்துத்தான் அடுக்கலாம் என்று எக்ஸ்ஆர்க்ஸுக்கு ஓர் அளவு உண்டு. அதை மீறினால் மிச்சத்தை வைத்துக்கொண்டு அதே கட்டளையை இன்னொரு தடவை கூப்பிடும். பெயர்கள் குறைவாக இருந்த காலத்தில் ஒரே தடவையில் முடிந்தது. குணா சார் போன பிறகு ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை பட்டியல் அந்த அளவைத் தாண்டிவிட்டது. டார் முதல் தடவை மூவாயிரத்து இருநூறு படத்தை டேப்பில் எழுதியது. டேப் முதலுக்குச் சுற்றிக்கொண்டது. இரண்டாவது தடவை, மீதி இருநூற்றுப் பதினெட்டை அதே இடத்தில், அதன் மேலேயே எழுதியது.

ஒரு நடைக்கு ஒரு கூடை, மிச்சம் அடுத்த நடைக்கு. சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்தது. ஆனால் அம்மா அடுத்த கூடையைக் கொட்டும்போது முன்னால் கொட்டியதை வாரி எறிந்துவிட்டா கொட்டுவாள்? இங்கே அதுதான் நடந்திருக்கிறது, வாரா வாரம். டேப்பை ஒரே ஒரு வெள்ளிக்கிழமை திரும்ப எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "இந்த ரெண்டாவது நம்பர் எல்லாம் பொய் மேடம். நான் எண்ணல. பாத்து எழுதினேன்" என்றேன். அவர் கத்தவில்லை. நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாக்கிறேன். அதுக்கு மேல லெட்டர் எழுதிடுவேன்" என்றார்.

அறைக்குத் திரும்பினால் சரோஜா பெருக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"எல்லா டேப்பும் போட்டுப் பாத்தீங்களா?"

"நாலும் போட்டாச்சு."

"பூஜை டேப்பு?"

நான் ஏன் அதை மறந்தேன் என்று இன்று வரை தெரியவில்லை. அதை ஒரு நகலாகவே நான் நினைத்ததில்லை, சாமி சாமானாக நினைத்திருந்தேன். பீரோவைத் திறந்தோம். போன வருஷத்து மஞ்சள் பொட்டலம் மேலே இருந்தது. அதைத்தான் முதலில் போட்டேன். பன்னிரண்டு படம். அதுவும் நான் எழுதியதுதானே, அப்போதே அளவு தாண்டியிருக்கிறது. அதன் அடியில் அதற்கு முந்தைய வருஷத்தது, குணா சார் இருந்தபோது எழுதியது. அஞ்சலையின் படம் அதற்கு முந்தி எடுத்தது. இதில் இருக்க வேண்டும். அதற்கும் அடியில் இருந்தவை அவள் வந்த முகாமுக்கு முன்னால் எழுதியவை.

செருகினேன். டேப்பைப் படிக்கிற டிரைவ் துப்பிவிட்டது. மறுபடி செருகினேன், மறுபடி துப்பியது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் சந்தனம் காய்ந்து அப்பியிருக்கிறது. வைத்தது சரோஜா. அவள் முகம் வெளுத்துப்போனது.

"நாந்தான்க்கா வெச்சேன். நானே கெடுத்துட்டேனா?"

"நீ வெக்கலன்னா இந்த டேப்பே இருந்திருக்காது, சும்மா இரு" என்று அதட்டினேன். அவள் வார்டுக்கு ஓடி ஸ்பிரிட்டும், கண்ணுக்கு மருந்து வைக்கிற பஞ்சுக் குச்சியும் வாங்கி வந்தாள். வியாழக்கிழமை காலை முழுக்க அந்தச் சந்தனத்தைத் துளித் துளியாகச் சுரண்டித் துடைத்தேன். உள்ளே நாடாவில் ஒரு பொட்டு விழுந்தாலும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். ஈரம் காயட்டும் என்று ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் வைத்தோம். சரோஜா போகவே இல்லை, அவளுக்கு இரண்டாவது மாடி பாக்கி இருந்தது.

செருகினேன். விழுங்கிக்கொண்டது. ஓட ஆரம்பித்தது.

முக்கால் மணி நேரம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெயர்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. டேப் நின்றது. எத்தனை என்று எண்ணச் சொன்னேன். 2,764 என்றது. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே இரண்டாவது கட்டத்தில், குணா சார் பின்னால் நிற்க நான் எழுதிய நம்பர் 2,764. அப்புறம்தான் அஞ்சலையைத் தேடினேன். மரக்காணம் அடிக்கோடு அஞ்சலை. இருந்தது, இரண்டு படம். சரோஜாவைக் கட்டிக்கொண்டேன். அவள் மேல் ஃபினாயில் வாசனை அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புள்ளியைக் குறுக்கே அளந்தார், நெடுக்கே அளந்தார். திரும்ப ஒரு தடவை அளந்தார். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உப்பு தின்ற கை, சொரசொரவென்று இருந்தது.

"வளரல" என்றார் டாக்டரம்மா. "அப்படியே இருக்குது. ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து காட்டினா போதும்."

"அப்ப நான் நாளைக்கு வேலைக்குப் போவலாமா?" என்று கேட்டாள் அஞ்சலை. அதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி.

அன்றைக்கு மத்தியானம் பெங்களூருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொய் நம்பர் உட்பட. திட்டப்போகிறார், இன்றைக்காவது திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அந்த லைனை எழுதினது நான்" என்றார். "அளவு தாண்டினா ரெண்டு வாட்டி ஓடும்னு எனக்குத் தோணவே இல்ல. சேத்து எழுதுன்னு போட்டிருக்கணும். புதுசா எழுதுன்னு போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"நான்தான சார் எண்ணாம விட்டேன்?"

"எம்மேல எனக்கே நம்பிக்கை இல்லாமத்தான்கா எண்ணச் சொன்னேன். நான் எங்க தப்பு பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. எண்ணினா தெரியும்."

இத்தனை வருஷமும் அந்தக் கேள்வியை என்னைச் சோதிக்கக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

மேலிடத்திலிருந்து மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். பூஜை டேப்புக்குப் பிறகு எடுத்த படங்களில் பெரும்பகுதி போனது போனதுதான். முகாம் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வேனில் நானும் போனேன். ஒவ்வொரு வீடாகப் போய், உங்க படம் எங்க கிட்ட தொலைஞ்சுபோச்சு, தயவுபண்ணி திரும்ப வாங்க என்று கூப்பிட்டேன். சிலர் ஏசினார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன், முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். டேப்பில் எழுதுகிற கட்டளை வரியைத் திருத்தினோம். இரண்டாவது நம்பரை அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை. எண்ணாமல் எழுதிய மூன்று பக்கத்துக்கும் சிவப்பு மையால் கோடு போட்டது அப்போதுதான், ஷர்மிளா. கிழித்துப் போட மனசு வரவில்லை.

அஞ்சலை இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுகிறாள். புள்ளி அப்படியேதான் இருக்கிறது. போன பொங்கலுக்கு என்னை ரோட்டில் பார்த்து, நான்தான் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று நாலு பேர் எதிரில் சண்டை பிடித்தாள். ஒத்தைக் கண்ணை வைத்துக்கொண்டு அத்தனை தூரத்திலிருந்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

இதுவரை எழுதி ஷர்மிளாவுக்குப் போன வாரமே அனுப்பிவிட்டேன். நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்ததால் இந்த நாலு வரியைச் சேர்க்கிறேன். பின்னால் லாரிகள் போகிற சத்தம் கேட்டது.

"அக்கா, பச்சை டிக் வந்துச்சு. இருந்தாலும் நகலை திருப்பி இறக்கி எண்ணினேன். ரெண்டு நம்பரும் ஒண்ணுதான். உங்க நோட்டுலயே எழுதிட்டேன்."

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன்க்கா. அஞ்சு இருபது பஸ் போயிடுச்சு, ஸ்டாப்புல நிக்கிறேன்."